பேரிலை அழகுச் செடிகளை வளர்த்தலும் அயலாருடன் பகிர்தலும்



வயலும் தோட்டமும் உங்கள் தொழில். விறாந்தையில் நிற்கும் அழகுச் செடியைப் பற்றிக் கமக்காரருக்கு ஒரு துண்டுப்பிரசுரம் எதற்கு என்று நீங்கள் வினவக்கூடும். வினா நியாயமானதே. அதற்கு விடை இதுவாகும்: அழகுச் செடி தனியே வருவதில்லை. அது தன் வேரோடு மண்ணையும், மண்ணோடு அம்மண்ணில் வாழ்வனவற்றையும் கொண்டு வருகின்றது. விறாந்தைக்கும் நாற்றுமேடைக்கும் இடையே உள்ள தூரம் பெரும்பாலான வீடுகளில் முப்பது அடிக்கு மேற்படாது.

ஒரு வீட்டில் நிகழ்ந்தது

எனது பிரிவிலுள்ள கிராமமொன்றில் தக்காளியும் கத்தரியும் செய்து வாழும் குடும்பம் ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அவர்கள் புதுவீடு குடிபுகுந்தபோது, கணவனின் தமக்கை செந்நிற நரம்போடிய பெரிய இலைகளையுடைய கலேடியச் செடி ஒன்றைச் சாடியுடன் கொண்டுவந்து கொடுத்தார். விறாந்தையின் ஓரத்தில் அது மிக அழகாக நின்றது. அவ்வழியே சென்ற யானும் அதைப் பார்த்து மெச்சினேன். சாடியைக் கவிழ்த்து வேரைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அன்று எனக்குத் தோன்றவில்லை. அது எனது பிழை.

வரட்சிக் காலம் வந்ததும் அச்செடியின் இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளித்துச் சாய்ந்தன. செடி இறந்துவிட்டதென்று கருதிய இல்லத்தரசி, சாணமிட்ட நல்ல மண் வீணாகலாகாது என்று சாடி மண்ணைத் தக்காளி நாற்றுமேடையிற் கொட்டிப் பரப்பினார். அடுத்த போகத்தில், நட்ட ஆறாம் கிழமையளவில், கன்றுகள் நண்பகலில் வாடி மாலையில் நிமிரத் தொடங்கின. பின்னர் நிமிராமலே நின்றன. நட்ட கன்றுகளிற் பாதிக்கு மேற்பட்டவை காய் கொடுக்கவில்லை. விதைக்கும் பசளைக்குமாக அடகு வைத்த நகை அந்த ஆண்டு மீளவில்லை.

தோட்டம் அழிந்ததோடு நில்லாமல் உறவும் கெட்டது. மச்சாள் கொடுத்த செடி வீட்டுக்கு வந்த நாள் தொடக்கம் குடும்பத்துக்குச் சரிவரவில்லை என்று ஒரு பேச்சு எழுந்தது. அது தமக்கையின் காதுக்கு எட்டியது. அவர் வருவதை நிறுத்திக்கொண்டார்.

யான் வாடிய தக்காளிக் கன்றொன்றைப் பிடுங்கிப் பார்த்தபோது வேரெங்கும் மணிகள் கோத்தாற்போல முடிச்சுகள் காணப்பட்டன. தமக்கையின் வீட்டுக்குச் சென்று, அங்கு எஞ்சியிருந்த கலேடியச் செடியைச் சாடியிலிருந்து கவிழ்த்துப் பார்த்தேன். அதே முடிச்சுகள் அதன் வேரிலும் இருந்தன. குற்றம் கையிலும் இல்லை, கண்ணிலும் இல்லை. வேர்முடிச்சு வட்டப்புழு என்னும், வெறுங்கண்ணுக்குப் புலப்படாத சிறு புழுவே அதற்குக் காரணம். இதனை முன்னரே எடுத்துச் சொல்லியிருந்தால் ஒரு போகமும் ஓர் உறவும் கெட்டிரா. அதனாலேயே இவ்வறிவுரை எழுதப்படுகின்றது.

செடி கொடுத்து வாங்குதலை விட்டுவிடுமாறு யாம் கூறவில்லை. கன்றும் கிழங்கும் விதையும் கைமாறியே நம் நாட்டுத் தோட்டங்கள் நிறைந்தன. முறையறிந்து வளர்க்கவும், முறையறிந்து கொடுக்கவும் வேண்டும் என்பதே எமது கருத்தாகும்.

பேரிலைச் செடிகளின் இயல்பு

நம் வீடுகளில் வளரும் பேரிலைச் செடிகளுட் பல சேம்பினத்தைச் சார்ந்தவை. கலேடியம், அலோக்கேசியா, மொன்ஸ்டெரா, பிலோடென்றன், டீபன்பாக்கியா, அந்தூரியம் என்பன யாவும் நாம் உண்ணும் சேம்புக்கு உறவானவை. சிங்கள மக்கள் ஹபரல என அழைக்கும் பெரிய காட்டுச் சேம்பும் இவ்வினத்ததே. இவற்றுட் பல மத்திய, தென் அமெரிக்க நாடுகளுக்கு உரியவை. மொன்ஸ்டெரா தென் மெக்சிக்கோ தொடக்கம் பனாமா வரையுள்ள காடுகளில் மரங்களைப் பற்றி ஏறும் கொடியாகும். இவையன்றி, அழகுக்காக வளர்க்கும் இறப்பர் அத்தி, கலாத்தியா முதலிய வேற்றினச் செடிகளும் உண்டு.

இச்செடிகள் ஏன் இத்துணைப் பெரிய இலைகளைக் கொண்டுள்ளன? அடர்ந்த காட்டில், உயர்ந்த மரங்களின் கீழ், நிலத்தை அடையும் ஒளி மிகச் சிறிது. அச்சிறிய ஒளியைப் பிடிப்பதற்கு அகன்ற இலை வேண்டும். அங்கே காற்றும் குறைவு, ஈரலிப்பும் மிகுதி. ஆகவே அகன்ற இலை கிழியாமலும் வாடாமலும் இருக்கின்றது. இவ்வொரு செய்தியை மனத்திற் கொண்டால், இச்செடிகளை எங்கு வைப்பது, எவ்வாறு நீரூற்றுவது என்பன தாமாகவே விளங்கும்.

இடமும் ஒளியும்

நேர்வெயில் படும் முற்றத்தில் இவற்றை வைத்தலாகாது. இலையின் நடுவில் வெளிறிய தழும்பு தோன்றிப் பின் அது கபில நிறமாகிக் காய்ந்தால், அது நோயன்று, வெயிற்சூடே ஆகும். அதுபோலவே இருண்ட அறையின் மூலையும் ஆகாது. தண்டு மெலிந்து நீண்டு, இலை சிறுத்து, செடி ஒளி வரும் பக்கமாகச் சாயும். விறாந்தையின் உட்பக்கம், மாமரம் பலாமரம் ஆகியவற்றின் நிழல், கிடுகு வேய்ந்த சிறு பந்தல் என்பன சிறந்த இடங்கள்.

யாழ்ப்பாணம், மன்னார் போன்ற உலர்ந்த இடங்களிற் சோளகக் காற்று வீசும் மாதங்களில் அகன்ற இலைகள் கிழிந்து ஓரம் கருகும். அக்காலத்திற் சாடிகளைச் சுவரின் மறைவில் ஒன்றோடொன்று நெருக்கி வைத்தல் நன்று. கூட்டமாக நிற்கும் செடிகள் தமக்குள் ஈரலிப்பைக் காத்துக்கொள்ளும். நுவரெலியா போன்ற குளிர்ந்த இடங்களிற் கலேடியம் செழிப்பதில்லை.

மொன்ஸ்டெராவின் இலை இளமையிற் பிளவின்றி முழுதாக இருக்கும். போதிய ஒளி பெற்று, பற்றுக்கோலில் ஏறி, செடி முதிர்ந்த பின்னரே இலையிற் பிளவும் துளையும் தோன்றும். ஆகவே தென்னந்தும்பு சுற்றிய உறுதியான தடியொன்றைச் சாடியின் நடுவே நாட்டிவிடுக.

நீர்

இச்செடிகளுட் பல நீரின்றி இறப்பதிலும் நீர் மிகுந்து இறப்பதே அதிகம். காலையும் மாலையும் தவறாது ஊற்றுவதே பராமரிப்பு என்று பலர் நினைக்கின்றனர். விரலை ஓரங்குல ஆழத்துக்கு மண்ணுட் செலுத்திப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்று நீர் வேண்டியதில்லை. உலர்ந்திருந்தால், அடித்துளையால் நீர் வெளிவரும் வரை ஊற்றுக. பின்பு, மண் மீண்டும் காயும்வரை விடுக. வேர் நீரில் நின்றால் காற்றின்றி அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்ச இயலாது. அதனால் இலை வாடும். வாடிய இலையைக் கண்டு மேலும் நீரூற்றினால் செடி விரைந்து இறக்கும்.

சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்று நீர் இலையில் வெண்ணிறப் படிவை உண்டாக்கும். உவர்நீர் இலையோரத்தைக் கருக்கும். மாரியிற் கூரையிலிருந்து வடியும் மழைநீரை மூடிய பாத்திரத்திற் சேமித்து, இச்செடிகளுக்கு ஊற்றுதல் நல்லது.

கலேடியத்தின் உறக்கம் இங்கு தனியே குறிப்பிடற்பாலது. கிழங்குடைய இச்செடி ஆண்டில் ஒரு காலத்தில் இலை முழுவதையும் உதிர்த்து, மண்ணுள் உறங்கும். அது இறப்பன்று. இலை சாயத் தொடங்கியதும் நீரைக் குறைத்து, சாடியை உலர்ந்த நிழலில் வைக்குக. அன்றேற் கிழங்கை எடுத்து, மண் நீக்கி, உலர்ந்த மணலில் அல்லது தும்புத்தூளில் வைத்துக்கொள்க. சில மாதங்களில் முளை எழும்பும்போது மீள நடலாம். மேலே கூறிய இல்லத்தரசி இதனை அறிந்திருந்தால் அம்மண்ணைக் கொட்டியிரார்.

மண்ணும் பசளையும்

மேல்மண் ஒரு பங்கு, நன்கு உக்கிய கூட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூளும் ஆற்றுமணலும் கலந்து ஒரு பங்கு என்ற கலவை பெரும்பாலான பேரிலைச் செடிகளுக்குப் பொருந்தும். கலவையைக் கையிற் பிடித்து அமுக்கினால் உருண்டையாகி, விரலால் தட்டியதும் உதிர வேண்டும். உதிராவிடில் மணலைக் கூட்டுக. பச்சைச் சாணம் இடுதல் கூடாது. அது வேரைச் சுடும்.

மேல்மண்ணை மரக்கறித் தோட்டத்திலிருந்து எடுப்பதாயின், அதனை முதலில் வெயிலிற் பதப்படுத்துக. மண்ணை நனைத்து, அரை அடிக்கு மேற்படாத தடிப்பிற் பரப்பி, ஒளி ஊடுருவும் பொலித்தீனால் இறுக மூடி, ஓரங்களை மண்ணால் அடைத்து, நல்ல வெயிற் காலத்தில் நான்கு தொடக்கம் ஆறு கிழமைகள் வரை விடுக. உள்ளே ஏறும் வெப்பம் வட்டப்புழுக்களையும், பங்கசுக்களையும், களைவிதைகளையும் பெருமளவிற் கொல்லும். நாற்றுமேடைக்கும் இதே முறை உகந்தது.

வளரும் காலத்தில் இரு கிழமைக்கொருமுறை உக்கிய சாணத்தை நீரில் ஊறவைத்து, வடித்து, வெளிறிய தேநீரின் நிறம் வரும் வரை நீர் சேர்த்து ஊற்றினாற் போதும். இலையிற் படியும் தூசியை ஈரத்துணியால் துடைத்துவிடுக. துடைக்கும்போது இலையின் அடிப்பக்கத்தையும் பார்க்கும் பழக்கம் உண்டாகும். பூச்சிகள் முதலில் அங்கேயே குடியேறுகின்றன.

பெருக்கும் முறைகள்

பிறருக்குக் கொடுப்பதற்கு முதலில் பெருக்க அறிதல் வேண்டும். செடிக்கேற்ற முறை வருமாறு:

1. மொன்ஸ்டெரா, பிலோடென்றன்: கணு உள்ள தண்டுத் துண்டத்தை வெட்டுக. ஓர் இலையும், ஒரு கணுவும், கணுவிலிருந்து தொங்கும் காற்று வேரும் அதில் இருப்பின் மிக நன்று. கணுவின்றி இலைக்காம்பை மட்டும் நட்டால் அது சிலகாலம் பச்சையாக நிற்கும். ஆனால் ஒருபோதும் புதுத் தளிர் விடாது.

2. டீபன்பாக்கியா: முதிர்ந்த தண்டை இரண்டு மூன்று அங்குலத் துண்டுகளாக வெட்டி, வெட்டுமுகத்தை ஒரு நாள் நிழலிற் காயவிட்டு, கண் மேனோக்கியிருக்க மணலும் தும்புத்தூளும் கலந்த படுக்கையிற் கிடையாகப் பாதி புதைக்குக.

3. கலேடியம், அலோக்கேசியா: தாய்க்கிழங்கின் பக்கத்தில் எழும் சிறு கிழங்குகளைப் பிரித்து நடுக.

4. கலாத்தியா போன்று பற்றையாக வளர்வன: ஒவ்வொரு பகுதிக்கும் வேரும் முளையும் இருக்குமாறு பற்றையைப் பிரித்து நடுக.

5. இறப்பர் அத்தி: காற்றுப் பதியம் சிறந்தது. பென்சிற் பருமனுக்குக் குறையாத கிளையில் ஓரங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக நீக்கி, வடியும் பாலைத் துடைத்து, நனைத்துப் பிழிந்த தும்புத்தூளை அதைச் சுற்றி வைத்து, பொலித்தீனால் மூடி இரு முனையும் கட்டுக. ஆறு தொடக்கம் பத்துக் கிழமைகளில் வேர் கண்ணுக்குத் தெரியும். அதன்பின் வளையத்தின் கீழே வெட்டி நடுக.

எம்முறையிலும் கத்தி கூரியதாயும் சுத்தமாயும் இருத்தல் வேண்டும். ஒரு செடியை வெட்டிய கத்தியால் மறு செடியை வெட்டுமுன், அதனைச் சவர்க்கார நீரிற் கழுவி, கொதிநீரிற் சிறிது நேரம் வைத்து எடுக்குக. அந்தூரியம், டீபன்பாக்கியா முதலிய சேம்பினச் செடிகளைத் தாக்கும் பற்றீரிய வெளிறல் நோய் ஒன்றுண்டு. இலையின் அடியில், ஓரத்தையடுத்து, நீரில் ஊறியது போன்ற சிறு புள்ளிகள் முதலில் தோன்றும். பின் அவை கருகி, சுற்றிலும் மஞ்சள் வளையம் படரும். கத்தியும், தெறிக்கும் நீரும், நோயுற்ற கன்றுமே இந்நோயைப் பரப்புகின்றன. அந்தூரியப் பூவை விற்று வாழ்வோருக்கு இது பெருநட்டம் விளைவிப்பது. அறிகுறி கண்ட செடியைக் கொடுக்கவும் வேண்டாம், வைத்திருக்கவும் வேண்டாம்.

செடியோடு வரும் எதிரிகள்

வேர்முடிச்சு வட்டப்புழுவைப் பற்றி மேலே கூறினோம். தக்காளி, கத்தரி, வெண்டி, பாகல், போஞ்சி, கரட் முதலிய பல பயிர்களை அது தாக்கும். ஒரு பெண்புழு பல நூறு முட்டைகளை இடும். மண்ணிற் புகுந்தபின் அதனை முற்றாக ஒழித்தல் அரிது. ஆகவே வாராமற் காத்தலே சிறந்த வழி.

வேரைத் துளைத்து உண்ணும் வேறொரு வட்டப்புழு அந்தூரியம், பிலோடென்றன், கலாத்தியா ஆகியவற்றின் வேரில் வாழும். அதுவே வாழையின் வேரையும், மிளகுக்கொடியின் வேரையும் அழிப்பது. குலை தள்ளிய வாழை காற்றின்றியே வேரோடு சாய்வதைக் கண்டால், இப்புழுவைச் சந்தேகிக்கலாம்.

வெள்ளைப் பஞ்சுபோல் இலைக்காம்பின் இடுக்கிற் படியும் மாப்பூச்சிகள் மற்றோர் எதிரி. 2008 ஆம் ஆண்டில் நம் நாட்டிற் காணப்பட்ட பப்பாசி மாப்பூச்சி, பப்பாசியோடு நில்லாமல் அரலியா முதலிய அழகு மரங்களிலும், மரவள்ளி முதலிய பயிர்களிலும் பெருகியதைப் பலர் நினைவிற் கொண்டிருப்பீர்கள். அதனை உண்ணும் ஒட்டுண்ணிக் குளவியைக் கொணர்ந்து விட்ட பின்னரே அது அடங்கிற்று.

கன்று கைமாறுவதால் வரும் கேட்டுக்கு வாழையின் கதை பெரும் எடுத்துக்காட்டாகும். இலைகள் குறுகி உச்சியிற் கொத்தாக நிற்கும் குருக்கன் நோய், 1913 ஆம் ஆண்டளவில் பிஜித் தீவிலிருந்து கொணர்ந்த வாழைக்கன்றுகளோடு அவுஸ்திரேலியாவுக்குச் சென்றதென்பர். அடுத்த பத்து ஆண்டுகளில் அந்நாட்டின் கிழக்குக் கரையோர வாழைத்தோட்டங்கள் பெரும்பாலும் அழிந்தன. மஜீ என்னும் ஆராய்ச்சியாளர் 1920களில் நடாத்திய சோதனைகளால், நோயுற்ற கன்றும், வாழை அழுக்கணவனும் அந்நோயைப் பரப்புவன என்று தெளிவாயிற்று. நோயற்ற கன்றை மட்டும் நடுதல், நோயுற்றதை அழித்தல் என்ற இரண்டு விதிகளைக் கண்டிப்பாகக் கைக்கொண்டே அங்கு வாழைச்செய்கை மீண்டது. அன்று கன்று கொடுத்தவரும் வாங்கியவரும் தீங்கு நினைத்தவர் அல்லர். அவர்கள் பார்க்காமற் கொடுத்தனர், பார்க்காமல் வாங்கினர்.

கொடுப்பவர் செய்ய வேண்டுவன

முதலாவது, செடியைச் சாடியிலிருந்து கவிழ்த்து வேரைப் பார்க்குக. வேர் வெண்மையாயும் ஒழுங்காயும் இருந்தால் நன்று. முடிச்சோ, கருமையான அழுகலோ இருந்தால் கொடுக்க வேண்டாம்.

இரண்டாவது, மண்ணோடு கொடுக்க வேண்டாம். வேரிலுள்ள மண்ணை வாளி நீரில் அலசி நீக்கி, வெறும் வேரோடு கொடுக்குக. கழுவிய நீரைத் தோட்டத்திலோ வாய்க்காலிலோ ஊற்றலாகாது. பயிரில்லாத காய்ந்த நிலத்தில், வெயில் படும் இடத்தில் ஊற்றுக. இயலுமாயின், வேரில்லாத தண்டுத் துண்டத்தைக் கொடுத்தல் எல்லாவற்றிலும் பாதுகாப்பானது. மண்புழுவாய் வருவன அதனோடு வாரா.

மூன்றாவது, இலையின் அடியையும் காம்பின் இடுக்கையும் பார்த்து, மாப்பூச்சியோ செதிற்பூச்சியோ இருப்பின் சவர்க்கார நீரில் நனைத்த துணியாற் துடைத்து, ஒரு கிழமை பொறுத்து மீண்டும் பார்த்த பின்னரே கொடுக்குக.

நான்காவது, பெரிய இலைகளிற் சிலவற்றை நீக்கி, வேரை ஈரமான தும்புத்தூளாற் பொதிந்து, வாழைச்சருகாலோ பழைய கடதாசியாலோ சுற்றிக் கட்டுக. அகன்ற இலை பயணத்தில் நீரை விரைந்து இழக்கும். கொடுக்கும்போது செடியின் பெயரையும், அதன் நஞ்சையும், அது உறங்கும் காலத்தையும் வாயாற் சொல்லிக் கொடுக்குக.

பெறுபவர் செய்ய வேண்டுவன

வந்த செடியை உடனே மற்றச் செடிகளோடு வைக்க வேண்டாம். நாற்றுமேடைக்கும் வாழைக்கும் எட்டியதோரிடத்தில், பதப்படுத்திய மண்ணில் நட்டு, நான்கு கிழமைகள் தனியே வைத்துக் கவனிக்குக. இதனை அவமதிப்பாக எவரும் கொள்ளலாகாது. வீட்டுக்கு வாங்கிவரும் மாட்டைச் சில நாள் தனியே கட்டிப் பார்ப்பதும் இவ்வகையினதே.

நான்கு கிழமை கழிந்தபின் வேரையும் இலையையும் மீண்டும் பார்த்து, குற்றமில்லையெனில் விறாந்தைக்குக் கொண்டு வருக. எக்காலத்திலும் சாடி மண்ணை நாற்றுமேடையில், தோட்டத்தில், கூட்டெருக் குழியிற் கொட்ட வேண்டாம். வேண்டாத மண்ணை வெயிலிற் பதப்படுத்திய பின்னரே பயன்படுத்துக.

குழந்தைகளும் கால்நடைகளும்

சேம்பினச் செடிகளின் சாற்றிற் கல்சியம் ஒட்சலேற்று ஊசி வடிவிற் செறிந்திருக்கும். சேம்பை நன்கு அவியாமல் உண்டால் தொண்டை கடிப்பதும் இதனாலேயே. டீபன்பாக்கியாவில் இது மிகக் கடுமையானது. அதன் தண்டைக் கடித்த குழந்தையின் நாவும் உதடும் வீங்கிப் பேச்சுத் தடைப்படும். வீக்கம் தொண்டைக்குப் பரவின் மூச்சுக்கும் இடர் உண்டாகலாம். தவழும் குழந்தையுள்ள வீட்டிலும், ஆடு கன்றுகள் விறாந்தை வரை வரும் வீட்டிலும் இச்செடியை எட்டாத உயரத்தில் வைக்குக, அன்றேல் வளர்க்காது விடுக. வெட்டும்போது கையுறை அணிந்து, பின் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. குழந்தை கடித்துவிடின் வாயை நீராற் கழுவித் துடைத்து, தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க.

நுளம்பு

சாடியின் கீழ் வைக்கும் தட்டில் நிற்கும் நீர், டெங்கு நுளம்பு பெருகும் இடமாகும். 2017 ஆம் ஆண்டில் நம் நாட்டில் 180,000 பேருக்கு மேல் டெங்குச் சந்தேக நோயாளராகப் பதிவாயினர். 2007 ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி, வீட்டுச் சூழலில் நுளம்பு பெருக இடங்கொடுத்தல் குற்றமாகும். தட்டை நீக்கிவிடுக, அன்றேல் அதனை மணலால் நிரப்புக. கிழமைக்கு இருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவுதலும் நன்று. பெரிய சேம்பிலைகளின் காம்புக் குழிவிலும் மழைநீர் தேங்கும். அதையும் சாய்த்து ஊற்றிவிடுக. துண்டங்களைப் போத்தல் நீரில் வேர்விடச் செய்வோர் நீரை மூன்று நாளைக்கொருமுறை மாற்றுக.

வாய்க்காலில் எறியாதீர்

அழகுக்காக வந்து வயலை அழித்த செடிகளை நெற்செய்கையாளர் நன்கறிவர். ஆகாயத்தாமரை இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளில் அழகிய பூவுக்காகவே இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. மிகச் சில ஆண்டுகளில் அது நீர்நிலைகளை மூடிப் பரவியதால், 1909 ஆம் ஆண்டில் அதனைத் தடுப்பதற்கெனவே தனிச்சட்டம் இயற்ற நேர்ந்தது. சல்வீனியா 1939 ஆம் ஆண்டில் வந்தது. அது வயல்களையும் வாய்க்கால்களையும் மூடிக் கமக்காரரைப் பல்லாண்டு வருத்திற்று. பிரேசில் நாட்டுக்குரிய சிறு கூன்வண்டை 1986 ஆம் ஆண்டு தொடக்கம் விட்ட பின்னரே பல இடங்களில் அது தணிந்தது.

ஆகவே மிகுந்த கொடியையும், வெட்டிய தண்டையும், வேண்டாத கிழங்கையும் வாய்க்காலிலோ, குளக்கரையிலோ, காட்டோரத்திலோ எறிய வேண்டாம். ஒரு கணுவிலிருந்து ஒரு கொடி எழும் என்று மேலே கண்டோம். அது உங்கள் சாடியிற் போலவே வாய்க்காற் கரையிலும் எழும். எறிய வேண்டியதை வெயிலில் முற்றாகக் காயவிட்டு எரிக்குக.

வெளிநாட்டிலிருந்து வரும் செடிகள்

வெளிநாட்டில் வாழும் உறவினர் விடுமுறைக்கு வரும்போது, அரிய செடியொன்றின் துண்டத்தைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவருவதுண்டு. அன்பினாற் செய்யப்படினும் இது தவறு. 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், அனுமதியின்றித் தாவரங்களையும் மண்ணையும் நாட்டினுட் கொணர்தல் தடை செய்யப்பட்டுள்ளது. முறையாகக் கொணர விரும்புவோர் முன்கூட்டியே அனுமதி பெற்று, அனுப்பும் நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழோடு கொணர வேண்டும். வந்த செடி தொற்றுக்காப்பு அதிகாரிகளாற் பரிசோதிக்கப்படும். நம் நாட்டில் இல்லாத ஒரு நோய் ஒரு சிறு துண்டத்தில் வந்துவிடின், அதன் விலையை முழு நாட்டுக் கமக்காரரும் கொடுக்க நேரும்.

நினைவில் வைக்க வேண்டியவை

1. நேர்வெயிலும் ஆகாது, இருளும் ஆகாது.
2. விரலால் மண்ணைச் சோதித்த பின்னரே நீரூற்றுக.
3. கொடுக்குமுன் சாடியைக் கவிழ்த்து வேரைப் பார்க்குக.
4. மண்ணைக் கழுவி, வெறும் வேரோடு கொடுக்குக.
5. வந்த செடியை நான்கு கிழமைகள் தனியே வைக்குக.
6. சாடி மண்ணை நாற்றுமேடையிற் கொட்டற்க.
7. சாடித் தட்டில் நீர் தேங்க விடற்க.
8. மிகுந்ததை வாய்க்காலிலும் குளத்திலும் எறியற்க.

முதலிற் கூறிய குடும்பத்தின் செய்தியைச் சொல்லி முடிக்கின்றேன். முடிச்சுற்ற செடிகளை அவர்கள் வேரோடு பிடுங்கி எரித்தனர். நாற்றுமேடையை வெயிலிற் பதப்படுத்தினர். அந்நிலத்தில் இரண்டு போகம் தக்காளியும் கத்தரியும் செய்யாது சோளம் விதைத்து, இடையிடையே துலுக்கச் செவ்வந்தி நட்டனர். மூன்றாம் போகத்தில் தக்காளி மீண்டும் காய்த்தது. முன்போல் நிறைவாக அன்று, ஆயினும் அடகை மீட்கப் போதுமானதாக இருந்தது.

இரு வீட்டுச் செடியின் வேர்களையும் ஒரே தட்டில் வைத்து இரு வீட்டாருக்கும் காட்டியபோது, தமக்கையார் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, தைப்பொங்கலுக்கு வந்தபோது, வேர் கழுவிய பிலோடென்றன் துண்டமொன்றை வாழைச்சருகிற் சுற்றிக் கொண்டுவந்தார். “மண் ஒட்டாமல் கழுவித்தான் கொண்டு வந்தனான், மச்சாள். நாலு கிழமை புறம்பாய் வைத்துப் பாருங்கோ” என்று சொல்லியே கொடுத்தார். அச்செடி இன்று அவ்வீட்டு விறாந்தையில் கூரை வரை ஏறி நிற்கின்றது.

உங்கள் வீட்டுச் செடியிலோ தோட்டத்திலோ ஐயத்துக்குரிய முடிச்சு, புள்ளி, பூச்சி எதனையேனும் கண்டால், அதனைப் பொலித்தீன் பையொன்றில் இட்டுக் கட்டி, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கொண்டுவந்து காட்டுங்கள். பிறருக்குக் கொடுக்குமுன் காட்டுதல் சாலச் சிறந்தது.